அம்மன் பேசும் வாய்

மீன் விற்கிறவர்களிடம் "இது இன்றைய மீனா?" என்று கேட்பது ஒரு சம்பிரதாயம். அவர்களும் "இப்பதான் தோணியால இறக்கினது" என்று சொல்லுவார்கள். அது பொய் என்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். பிறகு செவுளைத் திறந்து பார்த்து விலை பேசி வாங்கிக்கொண்டு போவோம். எங்கள் பாலத்தடியில் ஒரே ஒரு பெண்தான் அந்தக் கேள்வியைக் கேள்வியாக எடுத்துப் பதில் சொன்னார்.

"மணலை நேத்தையான். திரளி இண்டையான். இறால் எனக்குத் தெரியா. தந்தவன் இண்டையானெண்டு சொன்னான், நான் நம்பல்ல."

இந்த மனுசி பிழைத்த மாதிரித்தான் என்று முதல் நாள் நினைத்துக்கொண்டேன். ஆனால் பழைய மீனை ஒளிக்காதவரிடம் புதிய மீனைச் சந்தேகமில்லாமல் வாங்கலாம் அல்லவா? வவுணதீவுப் பக்கமிருந்து பட்டணத்துக்குப் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் திரும்பும்போது அவரிடம்தான் நிற்பார்கள். பக்கத்தில் விற்கிறவர்கள் கரித்துக்கொட்டுவார்கள். அவர் அதைக் காதிலே போட்டுக்கொள்வதில்லை. நாங்கள் அவரை அக்கா என்றோம். எனக்கு அவர் பெயர் தெரியும். அதை எழுதப்போவதில்லை.

அக்கா தானாக வந்து எதையும் சொல்லுகிற ஆள் இல்லை. ஊரில் சிலர் "நான் உள்ளதைச் சொல்லுறவள்" என்று சொல்லிக்கொண்டு அடுத்தவன் வீட்டு அடுப்படி வரைக்கும் போய்ப் புண்ணைக் கிளறிவிட்டு வருவார்களே, அந்தச் சாதி அல்ல அவர். கேட்டால் மட்டும் சொல்லுவார். கேட்டால் சொல்லாமல் விடவும் மாட்டார். ஆகையால் அவரைத் தெரிந்தவர்கள் கேள்வியை வாய்க்குள்ளேயே ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள்.

தெரியாமல் கேட்டு மாட்டியவர்கள் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் தாய், சந்தோசப் புளுகம் தாங்காமல், "எப்பிடிக்கா என்ட மகள்?" என்று கேட்டுவிட்டார். அக்கா மணவறையை ஒருதரம் பார்த்தார். "சாறி நல்ல வடிவு. புள்ள ராவெல்லாம் அழுதிரிக்காள்," என்றார். பந்தியில் இருந்தவர்கள் வாய்க்குக் கொண்டுபோன சோற்றோடு அப்படியே இருந்தார்கள். அதனால் கல்யாணம் நின்றதா என்றால் இல்லை, நடந்தது. இப்போது அவளுக்குப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவள் சந்தோசமாக இருக்கிறாளா என்று நான் அக்காவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்ற பயம்தான்.

அவருடைய புருசன் விட்டுப்போன கதையும் இதுதான். அந்த மனுசன் வளவின் பின்பக்கம் கசிப்பு, அதுதான் கள்ளச்சாராயம், காய்ச்சிக்கொண்டிருந்தவர். பொலிஸ்காரர் வந்து வாசல் படலையில் நின்று, "வீட்டில கசிப்பு இரிக்கா?" என்று அக்காவைக் கேட்டிருக்கிறார்கள். "ஓம், கோழிக்கூட்டுக்குப் பின்னால," என்றிருக்கிறார் அக்கா. குற்றப்பணம் கட்டிவிட்டு வெளியே வந்த மனுசன் தாய் வீட்டுக்குப் போனவர்தான், மறுகா கிறுகித் திரும்பிப் பார்க்கவேயில்லை. நான் ஒருநாள், "ஏன்கா, தெரியாதெண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன?" என்று கேட்டேன். திரளியைச் செதில் அடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"இந்த வாயை வருசத்தில ஒருக்கா அம்மா எடுக்கிறா புள்ள. எடுக்கக்கொள்ள ஊத்தையா இரிக்கப்படாது."

"அப்ப நீங்க நல்லவ எண்டுதான் அம்மன் வாறா."

"நல்லவளுமில்ல, கெட்டவளுமில்ல. நான் பாத்திரம் கழுவி வைக்கிறன். அவ்வளவுதான்."

அம்மா என்று அவர் சொன்னது எங்கள் ஊர் அம்மனை. வைகாசியில் கோயிலில் சடங்கு நடக்கும்போது சிலருக்குத் தெய்வம் வரும். வந்து ஆடும், கேட்கிறவர்களுக்கு வாக்குச் சொல்லும். அக்கா அப்படித் தெய்வம் ஆடுகிறவர். மற்ற நாட்களில் மீன் வாடையோடு திரிகிற மனுசி, சடங்குக்கு முன்னால் விரதம் பிடித்து, மஞ்சள் சேலை கட்டி வரும்போது எங்களுக்கே கும்பிடத் தோன்றும்.

ஒரு வருசம் மத்தியானப் பூசை. பறைமேளம் அடிக்கிறவர்களுக்கு வியர்வை ஊற்றுகிறது, சாம்பிராணிப் புகையில் கண் தெரியவில்லை, சனம் "தாயே தாயே" என்று கத்துகிறது. அக்கா வேப்பிலையைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறார். கண்ணைத் திறந்து, பூசை செய்கிற கட்டாடியாரைப் பார்த்து, "வரல்ல," என்றார்.

"சனம் பாத்துக்கொண்டிரிக்கு. சும்மா ரெண்டு ஆட்டம் ஆடு," என்று கட்டாடியார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது முன்வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது.

"ஆடினா நான்தான் ஆடுவன். சனம் என்னைப் பாக்கவா வந்திரிக்கு?"

வேப்பிலையைப் பீடத்தில் வைத்துவிட்டுப் பெண்களோடு பெண்ணாக வந்து நிலத்தில் இருந்துவிட்டார். கோயிலை நடத்துகிற வண்ணக்கர் கத்தியதை இங்கே எழுத முடியாது. அடுத்த நாள் பூசைக்கு அம்மன் வந்தபோது அதே வண்ணக்கர்தான் முதல் ஆளாக விழுந்து கும்பிட்டார்.

இனி என் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் போனது அவருடைய உயிர்.

எங்கள் பக்கத்தில் தாய்மார் கடைசிக் காலத்தில் மகள் வீட்டில்தான் இருப்பார்கள். மாமிக்குப் பெண்பிள்ளை இல்லை. இரண்டும் ஆண்கள். மூத்தவர் என் புருசன். இளையவன் நாட்டில் சண்டை நடந்த காலத்தில் மண்ணெண்ணெய் வாங்கிவரச் சைக்கிளில் போனவன், வரவில்லை. யார் கொண்டுபோனது என்பதில்கூட ஊரில் இரண்டு கதை உண்டு. சைக்கிள் மட்டும் ஆற்றோரத்தில் கிடந்தது. பாலத்தின் கீழ் கிடக்கிற தண்ணீருக்கு வாவி என்பது புத்தகத்துப் பெயர், எங்களுக்கு அது ஆறு. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது அதற்குப் பிறகு. அவனை நான் படத்தில்தான் கண்டிருக்கிறேன்.

மாமி ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை, கேட்காத சாத்திரம் இல்லை. முன்னர் கோயிலில் தெய்வம் ஆடிய ஒரு கிழவர் வருசா வருசம் "வடக்கால இரிக்கான், தைக்குள்ள வருவான்" என்று வாக்குச் சொல்லுவாராம். மாமியும் வருசா வருசம் மார்கழியில் வீட்டை மெழுகி, அவனுக்கென்று உடுக்க ஒரு சாரம் வாங்கி வைத்துக்கொண்டு, தை முழுக்கப் படலையைப் பார்த்துவிட்டு, மாசியில் பாயில் விழுவார். கிழவர் செத்த பிறகு அக்காவில் அம்மன் வரத் தொடங்கினார். முதல் சடங்கிலேயே மாமி போய் விழுந்து கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"தாயே, என்ட புள்ள உசிரோட இரிக்கானா?"

அம்மன் வேப்பிலையை மாமியின் தலையில் வைத்து நெடுநேரம் நின்றார். பிறகு, "எனக்குக் காட்டல்ல மகளே. தெரியாது," என்றார்.

சனம் ஆடிப்போய்விட்டது. தெய்வத்துக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்குமா? கிழவர் எவ்வளவு நல்லவர் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனார்கள். நானும் மாமி இனி எழும்பமாட்டார் என்றே பயந்தேன். ஆனால் மாமி வீட்டுக்கு வந்து, குளித்து, சோறு போட்டுச் சாப்பிட்டார். "அம்மாவுக்கே தெரியாதாம். மறுகா நான் என்னத்த அறியப்போறன்?" என்றார். அன்றைக்கு அவர் நித்திரை கொண்டதைப் பார்த்து என் புருசன் அழுதார். அதற்குப் பிறகு மார்கழியில் சாரம் வாங்கவில்லை. ஆடு வளர்த்தார், என் பிள்ளைகளை வளர்த்தார், என்னோடு சண்டை பிடித்தார். ஒவ்வொரு வைகாசியிலும் கேட்டார், ஒவ்வொரு வைகாசியிலும் தெரியாது என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்தார். தெரியாது என்பதிலேயே ஒரு மனிசி இத்தனை வருசம் காலூன்றி நிற்கலாம் என்று அவரைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

பிறகு அவருக்குச் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, வந்தது. கால்விரலில் ஒரு முள் குத்திய புண், ஆறவில்லை. விரல் கறுத்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் பார்த்து, விரலை உடனே எடுக்க வேண்டும், பிந்தினால் காலோடு போகும், அதற்கும் பிந்தினால் ஆளே போய்விடும் என்றார்கள். மாமி அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்.

"எனக்கு வெட்டுக்கொத்து ஒண்டும் வேணாம். ஆருக்காக நான் இரிக்க?"

"எங்களுக்காக இரிங்களன் அம்மா," என்றார் என் புருசன்.

"நீங்க இரிக்கிறீங்கதானே மனே. நான் போறன்."

சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார். என் புருசனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ஒருநாள் பாலத்தடியில் நான் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது வந்து, நடுரோட்டில் அக்காவுக்கு முன்னால் குந்திவிட்டார்.

"அக்கா, தம்பி உசிரோட இரிக்கான், வருவான் எண்டு என்ட அம்மாவிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த ஆசையில ஆஸ்பத்திரிக்குப் போவா."

"எனக்குத் தெரியாதே தம்பி."

"தெரியாதெண்டது எனக்கும் தெரியும். நாளைக்குக் கோயிலுக்குக் கூட்டிவாறன். தெய்வம் வந்த மாதிரி..."

அக்கா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். அவர் முகம் அப்படிச் சிவந்ததை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. "அம்மாட வாயால நான் பொய் சொல்ல மாட்டன். என்ட கழுத்தை வெட்டினாலும் மாட்டன்," என்றார். என் புருசன் அழத் தொடங்கினார். தாடி நரைத்த ஆம்பிளை, பஸ் போகிற ரோட்டில், முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். மீன் வாங்க வந்தவர்கள் விலகி நின்றார்கள். மீனில் இலையான் மொய்த்தது, அக்கா விரட்டவில்லை.

"சொன்னா கட்டாயம் போவாவா?" என்று கடைசியில் அக்கா கேட்டார்.

"போவா அக்கா."

"அப்ப என்ட வாயால சொல்லுறன். அம்மாவை இதுக்குள்ள இழுக்கப்படாது."

அன்றைக்கே வந்தார். எங்கள் கிணற்றடியில் முகம் கழுவி, நெற்றியில் இருந்த திருநீற்றை அழுத்தித் துடைத்தார். கழுத்தில் கட்டியிருந்த கோயில் நூலைக் கழற்றி என் கையில் தந்தார். மீன் வாடை அடிக்கிற பழைய சட்டையோடு, வெறும் மனுசியாக, மாமிக்கு முன்னால் போய் நின்றார். அப்படி நின்றால் போதும் என்று நினைத்துவிட்டார் பாவம். நாங்களும் நினைத்தோம்.

"பெரியம்மா, உங்கட மகன் உசிரோட இரிக்கான். வருவான்."

"ஆர் சொன்ன?"

"நான் சொல்லுறன்."

மாமி அக்காவின் வாயையே பார்த்தார். அம்மன் பேசுகிற வாய். அதற்குத் திருநீறு ஒரு வாய், திருநீறில்லாமல் ஒரு வாய் என்று இரண்டு இல்லை மாமிக்கு. பாயை விட்டு எழும்பினார். "புள்ள, சோத்தைப் போடு," என்றார் என்னிடம். திரளிக் குழம்போடு வயிறு நிறையச் சாப்பிட்டார். என் புருசன் ஓடிப்போய் அடுத்த நாள் காலைக்கு ஆட்டோ பிடித்துவிட்டு வந்தார்.

காலையில் ஆட்டோ வந்தது. மாமி விடியவே குளித்து, நல்ல சேலை கட்டி, படலையடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். "ஏறுங்க மாமி," என்றேன்.

"நான் எங்கயும் வரல்ல. நான் ஆஸ்பத்திரியில கிடக்கக்கொள்ள அவன் வந்தா?"

"நாங்க இரிக்கம்தானே?"

"உன்னை அவனுக்குத் தெரியுமா மகள்? வீடு புதுசு. படலை புதுசு. அண்ணனும் நரைச்சுப்போனான். அவனுக்குத் தெரிஞ்சது என்ட முகம் மட்டும்தான். அதையும் காணாட்டி, வீடு மாறி வந்திட்டனெண்டு கிறுகிப் போயிருவான்."

ஆட்டோக்காரர் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். மாமி கதிரையை விட்டு அசையவில்லை. ரோட்டில் சைக்கிள் வரும் சத்தம் கேட்டால் கழுத்தை நீட்டுவார். புண் ஏறிக்கொண்டே போனது, காலை நீட்ட முடியவில்லை. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். சாகமாட்டேன் என்கிற மனிசி எங்கள் கண்ணுக்கு முன்னால் செத்துக்கொண்டிருந்தார். கதறினோம், ஏசினோம், அயலாரைக் கூட்டிவந்து தூக்கப் பார்த்தோம். படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினார்.

என் புருசன் அக்காவைத் தேடி ஓடினார். மீன் பேசின் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தார் அக்கா. மாமியின் காலைப் பார்த்ததும் கதிரையடியில் மண்ணில் இருந்துவிட்டார்.

"பெரியம்மா, நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். எனக்கு அவனைப் பத்தி ஒண்டும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

மாமி சிரித்தார். "உனக்குப் பொய் சொல்லத் தெரியாது புள்ள."

"சொன்னன் பெரியம்மா! சத்தியமாச் சொன்னன்!"

என்னிடம் கற்பூரம் வாங்கினார். எங்கள் ஊரில் அம்மனை நினைத்துக் கற்பூரம் கொளுத்தி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் வழக்கு இல்லை. களவு, காணிச் சண்டை, குடும்பப் பிரச்சினை எல்லாம் அத்தோடு முடியும். அக்கா படலைக்கு நேரே மண்ணில் கற்பூரத்தைக் கொளுத்தி, எரிகிற நெருப்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "அம்மாணச் சத்தியமா நான் சொன்னது பொய்," என்றார்.

மாமியின் சிரிப்பு நின்றது. ஒரு நிமிசம் எங்களுக்கு நம்பிக்கை வந்தது. அவர் குனிந்து அக்காவின் வெந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவினார். பிறகு என் புருசனை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னை ஆஸ்பத்திரியில கொண்டு போட இந்தப் பாவியை இழுத்து வந்து பொய் சொல்ல வைக்கிறியா? அம்மா பேசுற வாயில பொய்யை வைக்கிறியே, நீ உருப்படுவியாடா?"

அக்கா வாயைத் திறந்தார். இத்தனை வருசம் ஒரு பொய்யும் இல்லாமல் கழுவி வைத்த வாய், உண்மையைச் சொல்லி நம்ப வைக்க முடியாமல் திறந்தபடி இருந்தது.

"அழாத புள்ள," என்று மாமி அவரைத் தேற்றினார். "உன்னில பிழையில்ல. அம்மாவுக்குத் தெரியும்."

காய்ச்சல் ஏறி நினைவு தப்பிய பிறகுதான் எங்களால் மாமியைத் தூக்க முடிந்தது. பாலம் கடக்கும்போது என் மடியில் தலை கிடந்தது. ஆஸ்பத்திரியில் அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள், காலம் கடந்துவிட்டது. செத்த வீட்டுக்கு அக்கா வந்தார். பெண்கள் வாசலில் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லும்போது வேலியோடு ஒதுங்கி நின்றார்.

என் புருசனைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அக்காவையும் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியவில்லை. அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது என்று தெரிந்த ஆட்கள் எங்கேயோ இருக்கிறார்கள். அவர்களும் சாப்பிடுகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள், பேரப்பிள்ளைகளைத் தூக்குகிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் போதும், செத்தான் என்றாவது சொல்லியிருந்தால் போதும். சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டதனால்தானே ஒரு மீன்காரியின் வாயை நாங்கள் இரவல் கேட்கப் போனோம்? உண்மை தெய்வம் என்று கோயில் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தெய்வத்தை வீட்டில் வைத்து வளர்த்தவர் ஊரிலே ஒருத்திதான், அவரையும் நாங்கள் கெடுத்துவிட்டோம்.

அடுத்த வைகாசிச் சடங்குக்கு அக்கா விரதம் பிடிக்கவில்லை. வண்ணக்கர் வீடு தேடிப் போய்க் கூப்பிட்டாராம். "பாத்திரம் ஊத்தையாப் போயிற்று. அம்மாவை வேற இடம் பாக்கச் சொல்லுங்க," என்றாராம். இப்போது வேறு ஒருவர் தெய்வம் ஆடுகிறார். பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் இன்னும் வரிசையில் வருகிறார்கள். எல்லோருக்கும் "வருவான், வருவான்" என்றுதான் வாக்கு. சனத்துக்கு நல்ல திருப்தி.

அக்கா பழையபடி பாலத்தடியில்தான் இருக்கிறார். உள்ளங்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. போன கிழமை நான் போய் நின்றேன். பழக்க தோசத்தில் வாய் கேட்டுவிட்டது.

"திரளி இண்டையானாக்கா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு மீனை எடுத்து, விரலால் செவுளைத் திறந்து, என் பக்கம் நீட்டிப் பிடித்தார்.